தங்கச்சி பேரில் ஒரு கையெழுத்து

திருத்தங்கலுக்குப் பக்கத்து ஊர்ப்புற நூலகத்துக்கு இணையக் கம்ப்யூட்டர் வந்தபோது, நூலகர் நசிமா செய்த முதல் வேலை சார்ட் வாங்கி ஏழு விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டியதுதான். ஒருவருக்கு அரை மணி நேரம். பென் டிரைவ் சொருகக் கூடாது. படம், பாட்டு கூடாது. நாலாவது விதியை மட்டும் சிவப்பு ஸ்கெட்சில் எழுதி அடிக்கோடும் போட்டிருந்தாள்: ஒருவர் உறுப்பினர் அட்டையில் மற்றவர் உட்காரக் கூடாது. இருப்பதே இரண்டு கம்ப்யூட்டர். விட்டால் ஒரே அட்டையை வைத்துக்கொண்டு தெருவே வந்து ரீல்ஸ் பார்க்கும். நசிமா அதற்கெல்லாம் மசிகிற ஆளில்லை. கவுன்சிலர் மகனே வந்தாலும் "அட்டை எங்கலே?" என்றுதான் முதலில் கேட்பாள்.

அப்படிப்பட்டவள் நாலாவது விதியை ஒரே ஒரு முறை மீறினாள். செப்டம்பர் பதினொன்றாம் தேதி. அந்த ஒரு முறையே போதுமானதாக இருந்தது, பாழாய்ப் போன ஒரு முறை.

அன்று காலை பத்தரை மணிக்குப் பாண்டிச்செல்வி நொண்டிக்கொண்டே வந்தாள். பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். தாய் தகப்பன் இல்லாத வீட்டில் தங்கை பிரீத்திகாவை அவள்தான் வளர்த்தாள். நூலகத்தில் உறுப்பினர் பிரீத்திகாதான். அரசாங்கப் பரீட்சைக்குப் படிக்கிற பெண். நசிமாவுக்குப் பிடித்தமான ஒன்றிரண்டு பேரில் ஒருத்தி.

"மேடம், தங்கச்சி பரீச்சை அப்ளிகேசன்ல போட்டோ தெளிவா இல்லைன்னு மெசேஜ் வந்திருக்கு. இன்னிக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள மாத்தணுமாம். நீங்கதான் செஞ்சு தரணும்" என்று அட்டையை நீட்டினாள்.

"அவ அட்டையை நீ ஏன் கொண்டுட்டு வாரே? அவளை வரச் சொல்லு."

பாண்டிச்செல்வி குரலைத் தாழ்த்தினாள். "அவ என் வேலைக்குப் போயிருக்கா மேடம். எனக்குக் கால்ல சீழ் வச்சு, குத்தவச்சு உக்கார முடியலை. சீசன் நேரம். ஒரு நாள் வரலைன்னா மறுநாளு வேற ஆளைப் போட்டுருவாக."

அந்தப் பக்கத்தில் இது ஊரறிந்த சங்கதி. அக்காவுக்கு முடியாவிட்டால் தங்கை, அம்மாவுக்கு முடியாவிட்டால் மகள். அக்காவின் கம்பெனி அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய், அக்கா பெயரைக் கூப்பிடும்போது தங்கை கையைத் தூக்குவாள். போர்மேனுக்குத் தலைக்கணக்கு சரியாக இருந்தால் போதும். உள்ளே செல்போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் பிரீத்திகாவின் போனும் அக்கா கையில்தான் இருந்தது.

நசிமா சுவரைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். இம்புட்டு நாள் படித்த பிள்ளை ஒரு போட்டோவுக்காகப் பரீட்சையை விட வேண்டுமா என்று மனசு கேட்கவில்லை.

"சரி, இந்த ஒரு தடவைதான். ஆனா ரிஜிஸ்டர்ல உன் பேரை எழுதிராதே. உனக்கு அட்டை கிடையாது, இன்ஸ்பெக்சன் வந்தா நான் மாட்டிக்கிருவேன். தங்கச்சி பேரையே எழுதிக் கையெழுத்துப் போடு."

பாண்டிச்செல்வி எழுதினாள். பிரீத்திகா, உள்ளே வந்த நேரம் 10.40. நசிமாவே உட்கார்ந்து போட்டோவை ஏற்றி, போனுக்கு வந்த நம்பரைத் தட்டி, வேலையை முடித்தாள். "ஆச்சு, போ" என்று அவள் சொல்லி வாய் மூடுவதற்குள் அலமாரிக் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. அதன் பிறகுதான் சத்தம் வந்தது.

அந்த ஊர்களில் என்ன சத்தம் என்று எவரும் கேட்பதில்லை. எந்தப் பக்கம் என்றுதான் கேட்பார்கள். பாண்டிச்செல்வி வாசலுக்கு வந்து ஆனைக்குட்டம் பக்கம் எழும்பிய புகையைப் பார்த்தாள். அந்தக் காலோடு ஓடினாள். பதிவேட்டில் வெளியே போன நேரம் எழுதுகிற கட்டம் காலியாகவே கிடந்தது.

ஒரே அறையில் ஐந்து பேர். பிரீத்திகாவும் அதில் போய்விட்டாள். முகம் பார்த்து அடையாளம் சொல்கிற நிலையில் யாரும் இல்லை. கழுத்தில் கிடந்த அட்டையைப் பார்த்துத்தான் பெயர் எழுதினார்கள். ஆஸ்பத்திரியில் போர்மேன் ஒரு காகிதத்தை நீட்டி, "கையெழுத்துப் போடு தாயி, பாடியைக் குடுத்துருவாக, மத்ததைப் பெறகு மாத்திக்கிடலாம்" என்றான். பாண்டிச்செல்விக்குத் தங்கை உடம்பு வேண்டும். காகிதமா கண்ணில் பட்டது? அவன் காட்டிய இடத்தில் கிறுக்கிக் கொடுத்தாள். இறந்தவர் பாண்டிச்செல்வி, பெற்றுக்கொண்டவர் தங்கை பிரீத்திகா என்று அதில் இருந்ததை மறுநாள் பேப்பரில் தன் பெயரைப் பார்த்த பிறகுதான் அவள் தெரிந்துகொண்டாள்.

இரண்டு மாதம் கழித்து அவள் மறுபடி நூலகத்துக்கு வந்தாள். ஆளே பாதியாகிப் போயிருந்தாள். ஆனால் கண்ணில் ஒரு தெம்பு இருந்தது.

"மேடம், செத்தது நான் இல்லைன்னு தாலுகா ஆபீஸ்ல மனு குடுத்திருந்தேன். வருவாய்த்துறை ஆர்.ஐ. சார் விசாரிக்கப் புதன்கெளமை இங்கன வாராக. கைரேகை வச்சுப் பாத்தாக, வெடிமருந்து அரிச்ச வெரலு, மிஷின் எடுக்க மாட்டேங்குது. ஆதார் போட்டோல நானும் அவளும் ஒண்ணு மாதிரிதான் இருக்கோம். 'நான் நம்புறேன்மா, ஃபைல் நம்பணும்ல'ன்னு சொல்றாக. வெடிச்ச நேரம் நான் லைப்ரரில இருந்தேன்னு சொன்னேன். அப்ப ரிஜிஸ்டர் இருக்குமேன்னு கேட்டாக. இருக்கு சார்னு சொல்லிட்டு வந்திருக்கேன்!"

அன்று எழுதியது யார் பெயர் என்பதைத் துக்கத்தில் இவள் மறந்துவிட்டாள். நசிமா ஒரு நாளும் மறக்கவில்லை. பதிவேட்டை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்தாள்.

கம்பெனிப் பதிவேடு பாண்டிச்செல்வி உள்ளே இருந்தாள் என்றது. நூலகப் பதிவேடு பிரீத்திகா இங்கே இருந்தாள் என்றது. இரண்டு பொய்யும் ஒன்றுக்கொன்று அத்தனை கச்சிதமாகப் பொருந்தி நின்றன.

"நானே எழுதிட்டேனே மேடம்" என்றாள் பாண்டிச்செல்வி.

"நீயா எழுதலை. நான் எழுதச் சொன்னேன்."

"இதுல பேரை மட்டும் திருத்திருவமா?"

"திருத்துனா நாம சொல்ற மெய்யும் பொய்யாயிரும்."

பாண்டிச்செல்வி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஆள் மாறி வேலைக்கு விட்டது வெளிய தெரிஞ்சுரும்னு கம்பெனி ஆளுக வந்து சொல்றாக, 'நீ அவ பேர்லயே இருந்துக்கோ, நிவாரணமும் கெடைக்கும், எட்டு வயசும் கொறையும், யாருக்கு என்ன நட்டம்'னு. நான் அவளா இருந்துக்கிட்டா, அவ எங்க மேடம் போவா? பொறந்ததுல இருந்து என் பாவாடை, என் செருப்பு, என் புத்தகம்னு பழசையே போட்டு வளந்தவ. சாவுகூட என் பேர்லயா?"

நசிமா அவளைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தாள்.

அன்று மத்தியானம் மேலிடத்துக் கண்காணிப்பாளர் தனுஷ்கோடி போன் செய்தார். விசாரணை வருகிற சேதி அவர் காதுக்குப் போயிருந்தது. நசிமா நடந்ததைச் சொன்னதும் பதறினார். "ஏம்மா, பதினோரு வருசமாத் தொகுப்பூதியத்துல கெடக்கீக. நிரந்தரம் ஆக்குற பட்டியல் இப்பத்தான் மேல போயிருக்கு. இந்த நேரத்துல தப்பான பேரை எழுத வச்சேன்னு வாயக் குடுக்காதீக. தினம் நாப்பது பேர் வாராக, ஞாபகம் இல்லைன்னு சொல்லிருங்க. அதுல பொய்யும் இல்லை, பாவமும் இல்லை."

நசிமா உத்தமி வேஷம் போடுகிறவள் இல்லை. யோசித்தாள். பதினோரு வருடமாக ஒவ்வொரு நாளும் எதிர்பார்த்த ஆர்டர். ஞாபகம் இல்லை என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும், யாரும் அவளைக் குறை சொல்ல மாட்டார்கள். இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. யா அல்லா, ஒரு போட்டோவை ஏற்றிக் கொடுத்ததற்கு இம்புட்டுப் பெரிய விலையா என்று ஆத்திரம்கூட வந்தது. பிரீத்திகா மேலேயே கோபம் வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் அந்தக் கோபத்தை நினைத்து அழுதாள்.

புதன்கிழமை ஆர்.ஐ. ராஜபாண்டியன் வந்தார். பதிவேட்டைப் புரட்டினார். நெற்றி சுருங்கியது.

"பிரீத்திகான்னுல போட்டிருக்கு?"

பாண்டிச்செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். நசிமா மேஜை டிராயரைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்துக் கொடுத்தாள். அன்று உட்கார்ந்திருந்தது பாண்டிச்செல்விதான் என்றும், உறுப்பினர் அல்லாதவரைத் தானே அனுமதித்ததாகவும், தங்கை பெயரை எழுதச் சொன்னதும் தானே என்றும் அதில் எழுதி, கையெழுத்தும் முத்திரையும் வைத்திருந்தாள்.

அவர் படித்துவிட்டுச் சுவரைப் பார்த்தார். "நாலாவது விதி. நீங்க எழுதுனதுதானம்மா?"

"நான்தான் எழுதுனேன், நான்தான் மீறுனேன். பிரீத்திகா முந்தி வந்த நாள்ல எல்லாம் போட்ட கையெழுத்து இதே ரிஜிஸ்டர்ல முப்பது இடத்துல இருக்கு. வச்சுப் பாருங்க. இது அவ கையே இல்லை. அன்னிக்கு இவ வெளிய போன நேரமும் எழுதலை. சத்தம் கேட்டு ஓடுனவ."

"இந்த லெட்டரை நான் வாங்குனா உங்க வேலைக்குச் சிக்கலாயிரும்."

"தெரியும் சார். வாங்கிக்கோங்க."

அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பாண்டிச்செல்வியை ஒரு வெள்ளைத்தாளில் தங்கை பெயரை எழுதச் சொல்லி, பதினொன்றாம் தேதிக் கையெழுத்துக்குப் பக்கத்தில் வைத்தார். வெகுநேரம் பார்த்தார். "போதும்மா. இதை வச்சு மேல எழுதிரலாம். உன் பேரு உனக்கு வந்துரும்" என்றார். மறு வாரமே நசிமாவுக்கு மெமோ வந்தது, பட்டியலிலிருந்து பெயரும் போனது. ஆனால் அந்த நிமிஷம் அவளுக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல்லை இறக்கி வைத்த மாதிரிதான் இருந்தது.

ராஜபாண்டியன் வாக்குமூலப் படிவத்தை எடுத்தார். ஆபீஸ் வழக்கப்படி ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார்.

"இறந்தவர் பேரு?"

பாண்டிச்செல்வி படிவத்தில் காலியாகக் கிடந்த அந்தக் கட்டத்தைப் பார்த்தாள். இந்த ஒரு பெயரை அந்த இடத்தில் எழுத வைக்கத்தான் இரண்டு மாதமாக ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியிருந்தாள்.

"சொல்லும்மா."

"பிரீத்திகா."

"வயசு?"

"இருவத்திரெண்டு."

"நீ என்ன உறவு?"

"அக்கா" என்றாள். அவ்வளவுதான், மேஜைமேல் தலையைப் போட்டு ஓவென்று அழுதாள். வெடித்த அன்றோ அடக்கம் செய்த அன்றோகூட அவள் அப்படி அழுததில்லை என்று பிறகு தெருவே சொன்னது. "பேப்பர்லயாச்சும் இம்புட்டு நாளு உசுரோட இருந்தாளே சார். அதையும் நானே இல்லாம ஆக்கிட்டேனே."

பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வெளியே போனார்கள். நசிமா அவள் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள். ராஜபாண்டியன் பேனாவை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தார். அழுகை ஓய்ந்ததும் பாண்டிச்செல்வி முகத்தைத் துடைத்துக்கொண்டு படிவத்தைத் தன் பக்கம் இழுத்தாள். கடைசி வரியில் தன் பெயரை எழுதினாள். எழுதி முடிக்க வெகுநேரம் ஆனது.