தேக்கத்துக்குள் ஓர் ஆள்

ஆறு பெருகும் நாட்களில் வெள்ளத் தேக்கத்துக்குள் இருப்பவர்களை வெளியேற்றுவது தமாயோவின் வேலை. மற்ற நாட்களில் அது வெறும் புல்வெளி. அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் மரக்கோலால் பந்தைத் தட்டிக் குழியில் விழவைத்து ஆடுவார்கள். ஆறு ஏறினால் தாழ்ந்த கரை வழியாகத் தண்ணீர் உள்ளே வழிந்து இரண்டு ஆள் உயரம் நிற்கும். கீழே இருக்கும் நகரம் பிழைத்துக்கொள்ளும்.

செப்டம்பர் புயலன்று மதியம், ஒலிபெருக்கியோடு வண்டியில் சுற்றி வந்தாள்.

“இன்னும் ஒரே ஒரு குழி, தமாயோ! நான் ஜெயிக்கிறது பொறுக்கலையா உனக்கு?” என்று கத்தினார் எண்பது வயது உசாமி.

“அப்புறமா மீனுங்களோட ஆடி ஜெயிங்க தாத்தா. இப்ப ஏறுங்க!”

காலையில் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு உள்ளே போன பதினேழு பேரும் வெளியேறினார்கள். கரைமேல் ஏறி, படிக்கட்டின் உச்சியில் இருந்த கம்பிக் கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பியவள் திடுக்கிட்டாள். ஒன்பதாவது குழியருகே மஞ்சள் மழைக்கோட்டில் ஒருவர் குனிந்து நின்றார். கூப்பிட்டாள். அவர் நிமிர்ந்து, நிதானமாகக் கையைத் தூக்கினார்.

கட்டுப்பாட்டு அறையில் இருந்த குருசுவைப் போனில் பிடித்தாள். “ஒன்பதாவது குழிகிட்ட ஒருத்தர் உள்ளயே நிக்கிறாருப்பா!”

“கேமரால அந்தக் குழியத்தான் பாக்குறேன் அக்கா. யாரும் இல்ல. நீங்க கிளம்புங்க, தண்ணி உள்ள வந்துடுச்சு.”

பழுப்புத் தண்ணீர் புல்லை மூடிக்கொண்டு வந்தது. அவர் தூக்கிய கையை இறக்கவில்லை. தமாயோ கதவைத் திறக்காமல் வண்டிக்கு ஓடினாள்.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. போலீசார் படகில் தேடினார்கள். யாரும் அகப்படவில்லை, காணோமென்று யாரும் புகார் கொடுக்கவுமில்லை.

ஐந்தாம் நாள் தண்ணீர் வடிந்தது. அவளும் குருசுவும் கரைமேல் நின்று பார்த்தார்கள். வழவழவென்று படிந்திருந்த சேற்றில் ஒரே ஒரு வரிசைக் காலடித் தடம். ஒன்பதாவது குழியிலிருந்து புறப்பட்டு, அவசரமில்லாமல் படியேறி, பூட்டிய கதவுவரை வந்திருந்தது. அங்கே அங்குமிங்கும் நடந்த தடங்கள். கம்பிகளில் உட்பக்கமாகச் சேற்று விரல்கள்.

“நரியா இருக்கும் அக்கா.”

“பூட்ஸ் போட்ட நரியா?”

தமாயோ பூட்டைத் திறந்தாள். கதவை அகலத் தள்ளி, ஒதுங்கி நின்று, இடுப்பு வளையக் குனிந்தாள்.

“ரொம்ப நேரம் காக்க வச்சுட்டேன். மன்னிச்சுக்குங்க. வாங்க.”

சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு கதவுக்கு வெளியே, காய்ந்த சிமெண்டில், ஈரமாக ஒரு தடம் விழுந்தது. அதற்கு முன்னால் இன்னொன்று. அவள் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. தடங்கள் அவளைத் தாண்டி, காலியாகக் கிடந்த வண்டி நிறுத்துமிடத்தின் மூலைவரை போய் நின்றன. வெயிலில் அவை காய்ந்து மறையும்வரை இருவரும் அசையவில்லை.

தமாயோ வேலையை விட்டுவிடவில்லை. கதவைப் பூட்டுவதை மட்டும் குருசுவிடம் கொடுத்துவிட்டாள். அவன் பூட்டுவதற்கு முன் மூன்று தடவை கூப்பிட்டுப் பார்க்கிறான்.