அரசர் மூச்சு வாங்கிய இடம்

காலிங்பெல் விடாமல் அலறியது. அழுத்திய விரலை எடுக்கவே மனமில்லாத அலறல். டிராக் பாதிச் சவரத்தோடு ஓடிப்போய்க் கதவைத் திறந்தான். வாசலில் அண்ணன். லிஃப்ட் இல்லாத இந்தக் குடியிருப்பின் மாடிப்படியை இதுவரை மிதித்தே பார்க்காத அண்ணன்.

"சட்டைய மாட்டு. ஸ்டூடியோவுக்குப் போகணும்."

"உள்ள வாங்க அத்தான், தண்ணியாவது குடிங்க," என்றாள் டிராக்கின் மனைவி.

"நேரமில்லம்மா. அங்க அரசர் வாயை மூடிக்கிட்டுப் பாடுறாரு."

அண்ணன் இசையமைப்பாளர். பாட்டுக் கட்டிய ஓர் அரசரின் வாழ்க்கையை மலையாளத்தில் படமாக எடுக்கிறார்கள், இசை அண்ணனுடையது. தம்பி அண்ணனின் எல்லாப் படங்களுக்கும் டிராக் பாடுபவன். பெரிய பாடகர் தேதி கொடுக்கும்வரை பாட்டைப் பாடி வைக்க வேண்டும், பஸ் சீட்டில் கைக்குட்டை போட்டு இடம் பிடிப்பதுபோல. நடிகர்கள் அந்தக் குரலுக்கு வாயசைப்பார்கள். பிறகு பெரியவர் வந்து பாடுவார். கைக்குட்டையைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். அப்படியே பாடிப் பாடி அவனுக்குப் பெயரே டிராக் என்றாகிவிட்டது.

காரில் அண்ணன் விஷயத்தைச் சொன்னார். அரசர் சாகக் கிடக்கும் காட்சி, கடைசிப் பாட்டு. அதைப் பாடிய அன்று டிராக்குக்கு நெஞ்சு நிறையச் சளி. இரண்டாவது வரியை இழுக்க முடியாமல் குரல் நடுவில் அறுந்து, மூச்சு வாங்கி, மறுபடி பிடித்தான். "டிராக்தானே, போதும்" என்று அண்ணனும் விட்டுவிட்டார். நடிகரோ அதை அரசரின் திணறல் என்றே எடுத்துக்கொண்டார். வரி அறுந்த இடத்தில் உதட்டை மூடி, தொண்டைக்குழி ஏறி இறங்க, கண்ணில் நீர் கட்டி நின்றார். படத்திலேயே உயிரான இடம் அதுதான் என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள்; அந்தப் பேச்சு அப்போதே டிராக்கின் வீடு வரை வந்திருந்தது. இப்போது பெரிய பாடகர் அந்த வரியை ஒரே மூச்சில் வழுக்கிக்கொண்டு போய்விட்டார். திரையில் அரசரின் வாய் மூடியிருக்கிறது. பாட்டு பாட்டுக்குப் போகிறது.

"மறுபடி எடுக்கலாமே அண்ணே?"

"எங்க எடுக்கிறது? செட்டைப் பிரிச்சாச்சு. அரசர் மொட்டை போட்டுக்கிட்டு வேற படத்துல ரவுடியா அலையுறாரு."

டிராக் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கிளம்பும்போது மனைவி நல்ல சட்டையை எடுத்துக் கொடுத்துக் காதருகே சொன்னது அவனுக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. "உங்க இருமலுக்கு மாலை போடணும். இந்தத் தடவையாவது வாயைத் திறந்து கேளுங்க."

ஸ்டூடியோவில் பெரிய பாடகர் சிரித்துக்கொண்டே வரவேற்றார். "வாங்க தம்பி. இந்த வயசுல என்னை இருமக் கத்துக்கச் சொல்றாங்க. எதிர்ல நின்னு, எங்க நிறுத்தணும், எங்க பிடிக்கணும்னு கையைக் காட்டுங்க."

கண்ணாடி அறைக்குள் டிராக் கையைக் காட்டினான். பெரியவர் நிறுத்தினார், பிடித்தார். உதடு பொருந்தியது. ஆனால் இயக்குநர் அம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"சாகப் போறவர் மாதிரி இல்ல சார். பாட்டு கிளாஸ் எடுக்கிறவர் மாதிரி இருக்கு. அந்தப் பழைய டிராக்கைப் போடுங்க."

போட்டார்கள். அறுந்த வரியும், திணறிய மூச்சும், மறுபடி தொற்றிக்கொண்ட குரலும் அறையை நிறைத்தன. பெரியவர்தான் முதலில் தொண்டையைச் செருமினார்.

"இதையே வெச்சிருங்கம்மா. எனக்குத்தான் மத்த பாட்டெல்லாம் இருக்கே."

"தயாரிப்பாளர்கிட்ட முன்னாடியே கேட்டுட்டேன், அவரும் சரின்னுட்டார்," என்ற இயக்குநர் அண்ணனைப் பார்த்தார். "நீங்க தலையாட்டினா போதும் சார். பாடினவர் பேரு படத்துல வரணும், அதை மட்டும் எழுதிக் கொடுத்துடுங்க."

டிராக் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான். அவனுடைய சொந்தப் பெயர் அந்த அறையில் அண்ணன் ஒருவருக்குத்தான் தெரியும்.

"வேண்டாம்," என்றார் அண்ணன். "அவரே இன்னொரு தடவை பாடட்டும்."

"இது நல்லா இருக்கே சார்."

"இசையில என் முடிவுதான்னு பேசித்தானே வந்தேன்?"

இயக்குநர் உதட்டைப் பிதுக்கினார். பெரியவர் யாரையும் பார்க்காமல் கண்ணாடி அறைக்குள் போனார். டிராக் விறுவிறுவென்று வெளியேறி, வராந்தாவில் தண்ணீர் கேன் பக்கத்தில் நின்றான். பின்னாலேயே வந்த அண்ணன் அவன் தோளில் கை போட்டார். சின்ன வயதில் போடும் அதே பாசமான கை.

"உள்ள வாடா. நீ கை காட்டலைன்னா அவருக்குப் பிடி கிடைக்காது."

டிராக் நகரவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாகக் கேட்டான்.

"என் பாட்டுல என்ன குறை கண்டீங்க அண்ணே?"

அண்ணன் நிஜமாகவே ஆச்சரியப்பட்டுப் போனார்.

"குறையா? யாருடா சொன்னது? உன் குரல் வெளிய தெரிஞ்சுட்டா, அடுத்த படத்துக்கு எனக்கு யாரு டிராக் பாடுவா?"