வாயில்லாத வாத்து

நீராவி மிஷினில் இருபத்து நான்கு இரும்புப் பாதங்கள் விரல் மேலே தெரிய நின்றன. ஸ்லாஜானா ஒவ்வொன்றிலும் ஒரு காலுறையை மாட்டி, குதிகால் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று கட்டைவிரலால் ஒரு தடவு தடவி, அடுத்ததற்குப் போனாள். கடைசிப் பாதத்தில் மாட்டி முடிப்பதற்குள் முதல் பாதம் வெந்து திரும்பி வந்திருக்கும். காலை ஆறு மணியிலிருந்து ஐயாயிரம் பாதங்களுக்கு மாட்டியாகிவிட்டது. ஐரோப்பாவில் பாதிப் பேருக்குக் கால் குளிராமல் இருப்பது இவளுடைய இரண்டு கட்டைவிரல்களால்தான் என்று அடுத்த மிஷினில் நிற்கும் ரத்மிலா அக்கா சொல்வாள். மீதிப் பாதி ரத்மிலா அக்காவின் கணக்கு.

இரண்டு மணிக்குச் சங்கு ஊதியது. ஆகஸ்ட் விடுமுறை தொடங்கிவிட்டது. அந்தச் செர்பியக் காலுறைத் தொழிற்சாலையில் தனித்தனியாக யாருக்கும் விடுப்பு கிடையாது. மிஷின்களை நிறுத்தும் பத்து நாட்களில் எல்லோரும் ஒன்றாக விடுமுறை எடுத்து, ஒரே பேருந்தில் ஏறி, கிரேக்கத்தில் ஒரே கடற்கரைக்குப் போவார்கள்.

வாசலில் காவலாளி மிலுன் வழக்கம்போலச் சோதனை போட்டார். பையைத் திறக்கச் சொல்வார், மேலங்கிப் பாக்கெட்டை உதறச் சொல்வார், சாப்பாட்டு டப்பாவுக்குள் மூக்கை விடுவார். கால்களை மட்டும் பார்க்க மாட்டார். பழுதான காலுறைகளைப் பிளேடால் கிழித்து, மெத்தைக்குள் அடைப்பதற்காக மூட்டை மூட்டையாக லாரியில் அனுப்பிவிடுவது நிர்வாகத்தின் வழக்கம். அந்தப் பிளேடுக்குத் தப்பிய ஜோடிகள் சில, காலையில் காலுறை இல்லாமல் வேலைக்கு வந்தவர்களின் கால்களில் ஏறி வீடு போய்ச் சேரும். அந்த ஊரில் வருடம் முழுக்க யாருக்குமே சளி பிடிக்காததற்கு இதுதான் காரணம் என்று சொல்பவர்கள் உண்டு.

ஸ்லாஜானாவின் மகள் துன்யாவுக்கு ஐந்து வயது. அவளுடைய மஞ்சள் காலுறையும் அப்படித்தான் வந்தது; அம்மாவின் பாதத்துக்கு அடியில் மடிந்து, நசுங்கி. அதில் பின்னியிருந்த வாத்துக்கு அலகு விழவில்லை. துன்யாவுக்கு அதனால்தான் அந்த வாத்தைப் பிடித்திருந்தது. "அதுக்கு வாய் இல்லம்மா. யார் கேட்டாலும் சொல்லாது" என்பாள்.

பேருந்தில் முப்பத்தெட்டுப் பெண்கள், அவர்களுடைய பிள்ளைகள், மாட்டிக்கொண்ட சில கணவன்மார்கள், நூறு பாட்டில் குடைமிளகாய்த் தொக்கு, ஒரு முழுப் பன்றி என்று சத்தியம் செய்யத்தக்க அளவு உப்புக்கண்டம், பிளம்ஸ் பழத்தில் வடித்த ரக்கியா என்னும் சாராயம். கிரேக்கர்கள் பட்டினி கிடக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நிவாரணத்துக்குப் போவதுபோல் போனார்கள். ஸ்லாஜானாவின் கணவன் ஸ்லோவேனியாவில் கட்டடங்களுக்குச் சாரம் கட்டிக்கொண்டிருந்தான். அவனுடைய இருக்கையில் பாதியைத் துன்யாவும் மீதியைத் தர்ப்பூசணியும் பிடித்துக்கொண்டன.

கடற்கரையில் மிஷின் வரிசைப்படியே துண்டு விரித்துப் படுத்தார்கள். யாரும் சொல்லி வைத்துச் செய்யவில்லை. நீராவிக்காரிகள் பக்கத்தில் தையல்காரிகள், அவர்களுக்கு அப்பால் பெட்டி கட்டுபவர்கள். கடைசித் துண்டில் பேருந்து ஓட்டுநர் த்ராகிஷா, தன் பேருந்தைப் பார்த்தபடி. முப்பத்தொரு வருடத்தில் அந்த வண்டி ஒருநாள்கூட வழியில் நின்றதில்லை. இதை அவர் எல்லை அதிகாரிகளிடம்கூடச் சொல்வார், அவர்கள் கேட்காமலே.

ஏழு நாட்கள் துன்யா மீன்குஞ்சுபோல் தண்ணீரிலேயே கிடந்தாள். எட்டாம் நாள் சனிக்கிழமை. மறுநாள் காலை ஊருக்குக் கிளம்ப வேண்டும். அன்று துன்யா எழுந்திருக்கவில்லை. நெற்றி இரும்புப் பாதம்போல் சுட்டது.

அரை மணி நேரத்தில் அந்தச் சிறிய அறைக்குள் பதினொரு பெண்கள் இருந்தார்கள். காரணம் என்ன என்பதில் அவர்களுக்குள் கருத்து வேறுபாடே இல்லை.

"ஊடுகாத்துதான்டி" என்றாள் ரத்மிலா. "நேத்து நான் என் கண்ணால பார்த்தேன். அந்தப் பக்க ஜன்னலும் திறந்திருக்கு, இந்தப் பக்கக் கதவும் திறந்திருக்கு, புள்ள நடுவுல ஈரத் தலையோட நிக்குது. மலைப்பாம்பு வாயில நின்னிருந்தாக்கூடப் பரவாயில்ல."

ஜன்னலை அடைத்தார்கள். கதவை அடைத்தார்கள். சாவித் துவாரத்தில் பஞ்சு வைத்தார்கள். வெளியே நாற்பது டிகிரி வெயில். உள்ளே துன்யாவின் மேல் இரண்டு கம்பளி. அடுத்ததாக வாத்துக் காலுறையை ரக்கியாவில் முக்கிப் பிழிந்து அவள் கால்களில் மாட்டினார்கள். காய்ச்சல் பாதத்தின் வழியாக இறங்கும் என்பது அந்தப் பேருந்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். காலுறை காயக் காய மறுபடி ஊற்றினார்கள்.

மதியம் துன்யா பேச்சைக் குறைத்துக்கொண்டாள். தண்ணீரைக் கொடுத்தால் உதட்டிலேயே நின்றது. கூப்பிட்டால் கண்ணைத் திறந்து, யார் என்று தெரியாதவள்போல் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். ஸ்லாஜானா மகளை வாரி எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். தங்கும் விடுதிக்காரர் கிர்யாகோஸ் தன் காய்கறி வண்டியைக் கிளப்பினார். முப்பது கோடைகளாகச் செர்பியர்களோடு சண்டை போட்டே அவர்கள் மொழியைக் கற்றுக்கொண்டவர் அவர். வண்டியின் பின்பக்கம் தக்காளிக் கூடைகளுக்கு நடுவே எத்தனை பெண்கள் ஏறினார்கள் என்பதை அவர் ஆஸ்பத்திரி வாசலில்தான் பார்த்தார்.

அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்தமாத்தியா ஒருத்திதான். காதில் தண்ணீர் புகுந்தவன், காலில் கடல் முள் ஏறியவன், திருமண விருந்தில் எலும்பை விழுங்கியவன் என்று வராந்தா நிறைந்திருந்தது. துன்யாவின் தொங்கிய கையைப் பார்த்ததும் எலும்பு விழுங்கியவன்கூட எழுந்து வழி விட்டான்.

டாக்டர் குனிந்தாள். சிவந்த முகம், செருகிய கண், குழறும் நாக்கு. முகர்ந்தாள். நிமிர்ந்து கிர்யாகோஸைப் பார்த்து ஏதோ கேட்டாள். அவர் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தார்.

"குழந்தைக்கு எவ்வளவு சாராயம் குடுத்தீங்கன்னு கேக்குறாங்க."

"அரை பாட்டில்" என்றாள் ரத்மிலா. உண்மையைச் சொல்வதில் அவளுக்கு எப்போதும் தயக்கம் கிடையாது. "நல்ல சரக்கு. வீட்டுல வடிச்சது."

டாக்டர் தொலைபேசியை எடுத்துவிட்டாள். போலீசுக்கு என்று கிர்யாகோஸ் சொல்வதற்குள் ஸ்லாஜானா போர்வையை உருவி எறிந்தாள். மகளின் ஒரு காலைத் தூக்கி, சொட்டச் சொட்ட இருந்த வாத்தை டாக்டரின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"வாயில ஒரு சொட்டுகூட இல்லம்மா. கால்லதான். எங்க ஊர்ல இப்படித்தான். தப்புன்னா என்னை எதுவேணா பண்ணுங்க. இவளை முதல்ல பாருங்க."

டாக்டர் காலுறையைப் பார்த்தாள். பிறகு ஸ்லாஜானாவைப் பார்த்தாள். தொலைபேசி கீழே போனது. அடுத்த கால் மணி நேரம் அவள் கை மட்டும்தான் வேலை செய்தது. தொண்டை சீழ் பிடித்து வீங்கியிருந்தது. உடம்பில் நீர் வற்றியிருந்தது. துன்யாவின் மெல்லிய கையில் நரம்பைத் தேடிப் பிடித்து ஊசி ஏற்றினாள். பாட்டிலிலிருந்து மருந்துநீர் இறங்கத் தொடங்கியது. காலுறைகளைக் கழற்றி, பாதங்களைத் தண்ணீர் விட்டுக் கழுவித் துடைத்தாள். அதன் பிறகுதான் திட்டினாள். கிர்யாகோஸ் பாதியை மொழிபெயர்த்தார், மீதியைக் கௌரவம் கருதி விழுங்கினார். சாராயம் குழந்தையின் தோல் வழியே உள்ளே போகும், இனி ஒரு சொட்டு படக்கூடாது, கம்பளி கூடாது, தண்ணீர், தண்ணீர், தண்ணீர். கடைசியாகப் போய் எதிரெதிராக இருந்த இரண்டு ஜன்னல்களையும் திறந்துவிட்டாள். கடல்காற்று அறையின் குறுக்கே பாய்ந்தது.

வாசலில் நின்ற பெண்கள் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்கள்.

"ரெண்டையும் திறக்குறா பாருடி" என்றாள் ரத்மிலா, மெதுவாக.

சாயங்காலம் நான்கு மணிக்குத் துன்யா கண் விழித்தாள். அம்மாவைப் பார்த்தாள், தன் வெறும் பாதங்களைப் பார்த்தாள், வாத்து எங்கே என்று கேட்டாள். காய்ந்துகொண்டிருக்கிறது என்று ஸ்லாஜானா சொன்னாள். டாக்டர் ஜன்னல் கொடியில் தொங்கிய காலுறையைக் காட்டி, மூக்கைப் பிடித்துக்கொண்டு, குடிகாரன்போல் தள்ளாடி நடந்து காட்டினாள். துன்யா சிரித்தாள். வராந்தாவில் எலும்பு விழுங்கியவனும் சிரித்தான், எலும்பு இறங்கிவிட்டது.

ஆனால் டாக்டர் இன்னொன்றும் சொல்லியிருந்தாள். திங்கட்கிழமை மதியம் வரை குழந்தையைப் பேருந்தில் ஏற்றக்கூடாது. பதினைந்து மணி நேரப் பயணம், எல்லையில் வெயிலில் வரிசை. நடுவழியில் காய்ச்சல் ஏறினால் பார்க்க ஆள் இல்லை.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு மிஷின்கள் ஓடத் தொடங்கும். தொழிற்சாலையில் எல்லோருக்கும் மூன்று மாத ஒப்பந்தம்தான். அது புதுப்பிக்கப்படும் நாளும் அதுவே. அன்று மிஷின் முன்னால் இல்லாதவளின் காகிதம் கையெழுத்துக்குப் போகாது. போன வருடம் அம்மாவை அடக்கம் செய்யப் போன ஒருத்தியின் காகிதம் அப்படித்தான் போகாமல் நின்றது.

அன்று மாலை கடற்கரையில், தான் மட்டும் தங்கிவிடுவதாக ஸ்லாஜானா சொன்னாள். வேறு வேலை தேடிக்கொள்வதாகவும் சொன்னாள். "நீ மட்டும் நின்னா உன் காகிதம் போகும். பேருந்தே நின்னா?" என்றாள் ரத்மிலா. எல்லோரும் திரும்பி, கடைசித் துண்டில் உட்கார்ந்திருந்த த்ராகிஷாவைப் பார்த்தார்கள்.

அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது.

"அது மட்டும் முடியாது" என்றார். "முப்பத்தொரு வருஷம். வண்டி ஒரு நாள் நின்னதில்ல. ஊர்ல நான் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பேன்?"

"இத்தனை நாள் நிமிர்ந்து நடந்தீங்களே, கொஞ்சம் குனிஞ்சு நடங்க அண்ணே. முதுகுக்கும் நல்லது" என்றாள் ரத்மிலா.

பொய் சொல்ல மாட்டேன் என்று அவர் பிடிவாதமாக இருந்தார். முப்பத்தெட்டுப் பெண்கள் அவரைச் சுற்றி உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்கள் பேசாமல் இருந்ததை அவர் வாழ்நாளில் கண்டதில்லை. பயந்துபோய் எழுந்தார். பேருந்தின் பின்பக்கம் போய், மூடியைத் திறந்து, ரொட்டி அறுக்கும் கத்தியால் தன் கையாலேயே இன்ஜினின் விசிறி பெல்ட்டை அறுத்தார். அறுக்கும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு மேலாளருக்குத் தொலைபேசியில் பெல்ட் அறுந்துவிட்டது என்றார், அது சத்தியம். திங்கட்கிழமைக்கு முன் கடை திறக்காது என்றார், அதுவும் சத்தியம். அவர் குரல் உடைந்திருந்ததை மேலாளரால்கூடச் சந்தேகிக்க முடியவில்லை.

அறுந்த பெல்ட்டைக் கழுத்தில் மாலையாகப் போட்டு அவரைக் கடலுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைபோல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடற்கரைக்கு வந்ததில்லை. பேருந்தில் போயிருக்க வேண்டிய நாள், கூடுதலாகக் கடலில் கிடைத்தது. தொழிற்சாலை தொடங்கிய நாள் முதல் யாருக்கும் கிடைக்காதது. தையல்காரிகள் நீராவிக்காரிகளின் துண்டில் புரண்டார்கள். டாக்டர் ஸ்தமாத்தியாவுக்கு ஆறு பாட்டில் தொக்கும், மீதியிருந்த அரை பாட்டில் ரக்கியாவும் போயின. இதைக் காலில் ஊற்ற வேண்டாம் என்று கிர்யாகோஸ் மூலம் சொல்லி அனுப்பினார்கள். மாலையில் அவள் பத்து நிமிடம் வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் கடலில் நின்றாள். இந்தக் கோடையில் முதல் தடவையாக என்று கிர்யாகோஸ் சொன்னார்.

திங்கட்கிழமை மதியம் புது பெல்ட்டோடு கிளம்பிய பேருந்து, செவ்வாய்க்கிழமை காலை ஆறடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது நேராகத் தொழிற்சாலை வாசலில் வந்து நின்றது. துன்யாவைத் த்ராகிஷாவின் மனைவி வந்து அழைத்துப் போனாள். பெண்கள் மூட்டை முடிச்சுகளோடு மிஷின்களுக்குப் போனார்கள். முப்பத்தெட்டு மிஷின் ஒரு நாள் சும்மா நின்றிருந்தது. முப்பத்தெட்டுக் காகிதத்தையும் கிழித்தால் இரும்புப் பாதங்களுக்கு மாட்ட ஆள் இல்லை. கையெழுத்தாயின. ஸ்லாஜானா ஐயாயிரம் பாதங்களுக்கு மாட்டினாள். மணல் இன்னும் அவள் காதுக்குள் இருந்தது.

இரண்டு மணிக்கு வாசலில் மிலுன் அவளுடைய பயணப் பையைத் திறந்தார். ஈரத் துண்டு, மருந்துச் சீட்டு, ஒரு சிப்பி. அதற்கடியில் மஞ்சளாக ஒரு ஜோடி குட்டிக் காலுறை. எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். குதிகால் தேய்ந்திருந்தது. முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார்.

"இது நம்ம சரக்கு" என்றார்.

"சரக்கு ரத்மிலா அக்காவோடது" என்றாள் ஸ்லாஜானா. "காலுறை என் பொண்ணோடது."

மிலுன் சிரிக்கவில்லை. அவருக்கும் மூன்று மாதக் காகிதம்தான். மேஜைக்கடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து, இரண்டு வாத்துகளையும் உள்ளே போட்டு வாயைக் கட்டினார். அவளை ஓரமாக நிற்கச் சொன்னார்.

ஸ்லாஜானாவுக்குப் பின்னால் நின்ற ரத்மிலா குனிந்தாள். வலது காலணியைக் கழற்றினாள், இடதைக் கழற்றினாள். மிலுனுக்கு நன்றாகத் தெரியும்படி ஒரு காலைத் தூக்கி மேஜைமேல் வைத்தாள். சாம்பல் நிறக் காலுறை, ஓரத்தில் கோடு கோணல், நம்ம சரக்கு. அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி குனிந்தாள், அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. வரிசை முழுக்கக் காலணி கழலும் சத்தம் போய்க்கொண்டே இருந்தது. யாரோ ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் தும்மினாள்.

மிலுனிடம் இருந்தது ஒரே ஒரு பிளாஸ்டிக் பை.

அப்போது உள்ளேயிருந்து லாரி ஹாரன் அடித்தது. மிலுன் ஓடிப்போய்த் தடுப்புக் கம்பியைத் தூக்கினார். காலணிகளைக் கையில் பிடித்தபடி பெண்கள் சுவரோரம் ஒதுங்கினார்கள். கிழித்த காலுறை மூட்டைகளோடு லாரி நிற்காமல் வெளியே போனது. ஓட்டை விழுந்த மூட்டை ஒன்றிலிருந்து மஞ்சள் வாத்துகள், பாதி பாதியாக, பாதையெங்கும் கொட்டிக்கொண்டே போயின.