நாலாவது மூட்டு

அந்தக் காருக்கு என்னைக் கண்டாலே ஆகாது. என் மனைவி ரத்னாபாய் சொன்னால் மட்டும் கேட்கும். 1943 மழைக்காலத்தில் அவள் பேச்சையும் கேட்காமல் போயிற்று. ஸ்டியரிங்கைக் கால் சுற்றுத் திருப்பிய பிறகுதான் முன் சக்கரங்கள் அசைந்தன. சக்கரங்களை இழுத்துத் திருப்பும் மூட்டுகள் நாலும் தேய்ந்து லொடலொடத்துவிட்டன.

ரத்னாபாய் டாக்டர். சனிக்கிழமைதோறும் தானே காரை ஓட்டிக்கொண்டு மலை மேல் இருக்கும் போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களில் பெண்களைப் பார்த்து வருவாள். இரண்டு சனிக்கிழமைகளாகப் போகவில்லை. அங்கே பிச்சம்மாள் என்ற பெண்ணுக்கு எட்டாம் மாதம், கால் வீங்கியிருந்தது. அவளை நினைத்து ரத்னாபாய் சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை.

திருவனந்தபுரத்து மெக்கானிக்குகளில் பாதிப் பேர் பட்டாளத்து லாரிகளுக்குப் பின்னால் போயிருந்தார்கள். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். நானே மாற்றுவதாகச் சொன்னேன்.

"ஒங்களால ஒக்குமா?" என்றாள்.

"ஜியாமெட்ரி நடத்துதவனுக்கு நாலு மூட்டு ஒரு காரியமா?"

பழவங்காடியில் பழைய சாமான் விற்பவர் அதே வகைக் காரின் மூட்டுகளை எங்கிருந்தோ தோண்டி எடுத்துத் தந்தார். நட்டு கழன்றுவிடாமல் குறுக்கே செருகும் ஸ்பிளிட் பின் மட்டும் மூன்றுதான் அகப்பட்டது.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டுக் காருக்கு அடியில் படுத்தேன். பழைய மூட்டுகள் லேசில் வரவில்லை. சுத்தியலால் அடித்ததில் பாதி என் விரலில் விழுந்தது. எத்தனை சுற்றில் பழையது கழன்றதோ, அத்தனை சுற்றுப் புதியதை முறுக்கினேன். என் படிப்பு உதவியது அந்த ஓரிடத்தில்தான்.

மூன்று நட்டுகளுக்கும் பின் போட்டாயிற்று. நாலாவதுக்கு ரத்னாபாயின் கொண்டை ஊசி ஒன்றை எடுத்து வந்து செருகி, முனைகளை மடக்கினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

சாயங்காலம் அவள் ஸ்டியரிங்கைத் தொட்டதும் சக்கரங்கள் திரும்பின. இரண்டு வாரத்தில் அன்றுதான் சிரித்தாள்.

"கொள்ளாமே! நாலுக்கும் பின் போட்டாச்சா?"

"போட்டாச்சு" என்றேன்.

மறுநாள் காலை அவள் கண்ணாடி முன் நின்று கொண்டை போட்டாள். ஓர் ஊசியைப் பல்லால் கடித்து, சுலபமாக விரித்து, முடியில் செருகினாள். பல்லுக்கே வளைகிற கம்பியை நம்பி இவளை மலைக்கு அனுப்புகிறேன்! அப்போதே சொல்லியிருக்கலாம். அவள் மருந்துப் பெட்டியை எடுத்துவைத்தாள், காரைக் கிளப்பினாள், வாசலைத் தாண்டினாள்.

பனியனோடு தெருவில் ஓடிப் போய்க் காருக்கு முன்னால் நின்றேன். எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. திறக்கட்டும்.

"நாலாவதுல பின் இல்ல ரத்னம். ஒன் கொண்டை ஊசி."

அவள் எஞ்சினை நிறுத்தினாள். "நேத்து கேட்டப்ப ஏன் சொல்லல்ல?"

"ஒன் முன்னால தோத்துப்போக வெக்கமா இருந்தது."

"மலையில அது முறிஞ்சிருந்தா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. நாற்பத்தைந்து வயதுக் கணக்கு வாத்தியார், நடுத்தெருவில்.

அவள் திட்டவில்லை. உள்ளே போய், முறிந்த எலும்பைச் சேர்த்துக் கட்டும் எஃகுக் கம்பியில் ஒரு துண்டு கொண்டுவந்தாள். ஊசியை உருவிவிட்டு, அவள் சொன்னபடி ஓட்டை வழியே கம்பியைக் கோத்து, நட்டைச் சுற்றி முறுக்கிக் கட்டினேன். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளும் அடியில் புகுந்தாள். நாலு மூட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள்.

"சட்டைய போட்டுட்டு ஏறுங்க."

"நானா?"

"ஒங்க வேலை மேல ஒங்களுக்கு நம்பிக்கை உண்டுல்லா?"

மலைப்பாதையின் முதல் வளைவில் கதவை இறுகப் பிடித்துக்கொண்டேன். அவள் திருப்பினாள், கார் திரும்பியது. பத்தாவது வளைவில் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

பிச்சம்மாள் லயத்து வாசலில் சுவரைப் பிடித்தபடி நின்றாள். முகமும் வீங்கியிருந்தது. ரத்னாபாய் ரத்த அழுத்தம் பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள்.

"நேரத்துக்கு வந்தோம். இண்ணைக்கே ஆஸ்பத்திரியில சேத்தா தாயும் பிள்ளையும் பிழைக்கும். நம்ம கார்லயே கொண்டு போவோம்."

இரண்டு பெண்கள் பிச்சம்மாளைத் தாங்கிப் பின் சீட்டில் உட்காரவைத்தார்கள். இறங்குகிற பாதை ஏறி வந்ததைவிட மோசம். ரத்னாபாய் என்னைப் பார்த்தாள். நான் ஈர மண்ணில் படுத்துக் காருக்கு அடியில் போனேன். ஒவ்வொரு நட்டையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு எழுந்தேன்.

"மூணு பின்னும் அப்படியே இருக்கு. கம்பியில ஒரு முறுக்கு லேசா விட்டிருந்தது, இறுக்கிட்டேன்."

"செரி" என்றாள்.

அவள் குனிந்து பார்க்கவில்லை. உட்கார்ந்து காரைக் கிளப்பினாள்.