பதினாறு வயதுப் பெரியம்மா

நிலானி நித்திரையில் நடக்கிறாள் என்பதைக் கண்டுபிடித்தது அவளைப் பெற்றவர்கள் இல்லை, தெருமுனையில் டெய்ரி என்கிற சின்னப் பலசரக்குக் கடை வைத்திருந்த பழனிசாமி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஒடாஹுஹு என்கிற அந்தப் புறநகரே சாப்பிட்ட களையில் கிடக்கிற நேரம். பத்து வயதுப் பிள்ளை ஒன்று வெறுங்காலோடு கடைக்குள் வந்து, பால் வைத்திருக்கும் குளிர்ப்பெட்டியின் முன்னால் நின்று, யாருக்கோ தலையாட்டிவிட்டுக் கழிமுகப் பக்கமாகத் திரும்பி நடந்தால் எந்த மனிதன்தான் பார்த்துக்கொண்டு நிற்பான்? அவர் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் பிள்ளையைத் தோளில் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தார்.

"என்னங்க, உங்க பொண்ணு கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டே தூங்குது. பாத்துக்கங்க. அந்தப் பக்கம் பூரா சேறு."

அம்மா ரதிதேவி சிரித்த முகத்தோடு நன்றி சொன்னாள். கதவைச் சாத்தியதும், "இனி ஊர் முழுக்கச் சொல்லப்போறான்" என்றாள். பிள்ளை சேற்றில் இறங்கியிருந்தால் என்னவாகியிருக்கும் என்பது அவளுக்கு அதற்குப் பிறகுதான் உறைத்தது. சிலர் அப்படித்தான். ஊர் வாய்க்குப் பயந்து முடிந்த பிறகுதான் மற்றதற்குப் பயப்படுவார்கள்.

டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். குடும்பத்தில் வேறு யாருக்காவது இந்தப் பழக்கம் உண்டா என்று டாக்டர் கேட்டார். அவர் கேட்டு முடிப்பதற்குள் அம்மா, "இல்லை" என்றாள். நிலானி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்லும்போது அம்மாவின் கழுத்து நீளும்.

திரும்பி வரும்போது காரில் அப்பா மகேசன் மெல்லக் கேட்டார். "ஏன் ரதி பொய் சொன்னனீர்? உம்மட அக்கா கிருசாந்தியும் இப்பிடி நடக்கிறவதானே?"

"வாயை மூடுங்கோ. பின்னுக்குப் பிள்ளை இருக்கு."

"அவளுக்கு என்ன விளங்கப்போகுது?"

எல்லாம் விளங்கியது. இந்த நாட்டில் பிறந்த பிள்ளைகள் தமிழில் பதில் சொல்வதில்லை, ஆகவே அவர்களுக்குத் தமிழில் காதும் கேட்காது என்று பெரியவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். சுத்த மடத்தனம்.

"ஹூ இஸ் கிருசாந்தி?" என்று நிலானி கேட்டாள். 

"ஒருத்தருமில்லை. காய்ச்சல் வந்து செத்துப்போனா" என்றாள் அம்மா. ஒருத்தருமில்லாத ஒருத்திக்கு எப்படிக் காய்ச்சல் வரும் என்று நிலானி வீடு வரும்வரை யோசித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிறு எல்லர்ஸ்லியில் தியாகலிங்கம் அங்கிள் வீட்டில் பிறந்தநாள். கார் புறப்பட்டதுமே அம்மாவின் பாடம் தொடங்கிவிட்டது.

"கேக்கைத் தந்தவுடன பாயக்கூடாது. முதல் வேண்டாம் எண்டு சொல்லோணும். திருப்பிக் கேட்டா, அப்பவும் வேண்டாம். மூண்டாந்தரம்தான் வாங்கோணும். விளங்கிச்சோ? காணாததைக் கண்ட பிள்ளை மாதிரி நிண்டு என்ர மானத்தை வாங்காதை."

போனமுறை அதே வீட்டில் ஆனந்தவல்லி அன்ரி பற்றிஸ் தட்டை நீட்டிய உடனே நிலானி ஒன்றை எடுத்துவிட்டாள். பசித்தது, எடுத்தாள். மேசைக்குக் கீழே அம்மா தொடையில் கிள்ளிய கிள்ளு கன்றிப்போய் நீலமாகக் கிடந்தது. அன்றிலிருந்து அவளுக்கு ஒரு தமிழ் வசனம் மட்டும் தட்டுத் தடங்கல் இல்லாமல் வரும். "வேண்டாம் அன்ரி, இப்பதான் சாப்பிட்டனான்." மற்றத் தமிழெல்லாம் நாக்கில் இடறும், இது வழுக்கிக்கொண்டு வரும்.

அன்றைக்கு அதை இரண்டுதரம் அழகாகச் சொன்னாள். "என்ன வடிவான வளர்ப்பு!" என்று ஆனந்தவல்லி அன்ரி கன்னத்தைத் தடவினாள். அம்மாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் நிலானி சோபாவில் சரிந்தாள், உடனே கண் சொருகியது.

இனிச் சொல்லப்போவது நித்திரையில் நடந்தது. நம்ப விருப்பமில்லாதவர்கள் நம்ப வேண்டாம், யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை.

ஒடாஹுஹுவில் நிலம் ஒடுங்கிப்போய்க் கிடக்கிறது. கிழக்கே ஒரு கடல், மேற்கே ஒரு கடல். விழித்திருப்பவர்களுக்கு அந்த இரண்டும்தான். நித்திரையில் நடப்பவர்களுக்கு நடுவில் மூன்றாவது ஒன்று இருக்கிறது, அதில் தண்ணீர் இல்லை. நிலானி கழிமுகத்துச் சேற்றில் கால் வைத்தாள். அது காய்ந்த தார்ரோடு போல இறுகி நின்றது. முழங்கால் உயரக் கண்டல் செடிகள் தென்னை உயரத்துக்கு வளர்ந்து இரண்டு பக்கமும் நின்றன. நண்டுகள் ஒதுங்கி வழிவிட்டன.

ரோடு நிறைய ஆட்கள், எல்லோரும் நித்திரை. மஞ்சள் வேலைச்சட்டை போட்ட பெரிய மனிதர் ஒருவர் தலையணையைக் கட்டிப்பிடித்தபடி போனார். தாதி உடுப்போடு ஒரு பெண் சுவரைத் தடவுவதுபோல வெறுங்காற்றைத் தடவிக்கொண்டு போனாள். நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி ஒரே இடத்தில் சுற்றிச்சுற்றி விம்மினாள். நிலானி யோசிக்கவே இல்லை. அந்தப் பிஞ்சுக் கையைப் பிடித்தாள். பிடித்ததுதான் தாமதம், அந்தச் சிறுமியின் வீடு எங்கே, எந்த அறை, கட்டில் எந்தப் பக்கம் என்று நிலானியின் கால்களுக்குத் தெரிந்துவிட்டது! சிறுமியை இடப்பக்கம் திருப்பி முதுகில் மெல்லத் தட்டினாள். பிள்ளை நேரே நடந்து மறைந்தது.

"ஓகோ! அப்ப நீ அந்த வீட்டுப் பிள்ளை" என்றது ஒரு குரல்.

பஸ் நிறுத்தக் கூரை உயரத்துக்கு ஒரு சாம்பல் நாரை, வாசல் ஒன்றை மறித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றது. "எந்த வீடு?" என்று கேட்ட நிலானிக்குத் திடுக்கிட்டது. அவள் கேட்டது தமிழில். அந்த ரோட்டில் நாக்கு இடறவில்லை.

"உன்ர கொம்மாவின்ர வீடுதான். தலைமுறைக்கு ஒருத்தி இஞ்ச வருவாள். வழிதவறின ஆக்களை அவையின்ர படுக்கைக்குக் கொண்டுபோய் விடுறதுதான் உங்கட பரம்பரை வேலை. நீ கிருசாந்தியின்ர பெறாமகள் எல்லோ?"

"பெரியம்மா செத்துப்போனா எண்டு அம்மா சொன்னவ."

"ஆர் செத்தது? வன்னியில இடம்பெயர்ந்து கிடக்கேக்க நித்திரையில நடந்து இஞ்ச வந்தவள். பேய் பிடிச்சிட்டுது எண்டு சனம் கதைச்சா, இளையவளுக்குக் கலியாணம் நடக்காதாம். அதுக்காகக் காய்ச்சல் எண்டு சொல்லி வீட்டுக்காரர் வாயாலயே அவளைச் சாகடிச்சுப்போட்டினம். தேடி ஒருத்தரும் வரேல்லை. அவள் எத்தினை பேரைக் கொண்டுபோய் விட்டாள், அவளைக் கொண்டுபோய் விட ஆள் இல்லை." நாரைக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. காலை மாற்றி ஊன்றியது. "கவனமாக் கேள் பிள்ளை. அவள் தன்ர கையால உனக்கு ஒண்டு தருவாள். சொந்த ரத்தம் அதை வாங்கினாச் சரி, உன்ர பின்னால வீட்டுக்கு நடந்து வந்திடுவாள். ஆனா ஒருதரம்தான் தருவாள். என்ன தருவாள் எண்டு நானும் சொல்லேலாது, அவளும் சொல்லேலாது. ரெண்டாந்தரம் கேக்க இஞ்ச சட்டமில்லை."

நிலானி வாசலுக்குள் எட்டிப் பார்த்தாள். பெரியம்மாவை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம்! அம்மா கதவைத் திறந்து பார்த்தால் எப்படி இருக்கும்! என்ன தருவாள்? மோதிரமாக இருக்கலாம். வாளாக இருக்கலாம். வாசித்த கதைகளில் எல்லாம் அப்படி மினுங்குகிற சாமான்தான் தருவார்கள்.

நாரை ஒதுங்கி வழிவிட்டது. வாசலுக்கு அப்பால், தறப்பாளைக் கூரையாக விரித்துக் கட்டிய ஒரு கொட்டில். அதற்குள்ளிருந்து இரட்டைப் பின்னலோடு ஒருத்தி ஓடிவந்தாள். பெரியம்மா என்றால் அம்மாவைவிட மூத்தவளாக இருக்க வேண்டாமா? இவளுக்குப் பதினாறு வயதுக்கு மேல் ஒரு நாள் ஏறவில்லை.

"ஐயோ, ரதியின்ர மூக்கு! அப்பிடியே ரதியின்ர மூக்கு!" கிருசாந்தி அவளைக் கட்டிப்பிடித்து உச்சியை மோந்தாள். "எப்பிடி இருக்கிறாள்? இப்பவும் நகம் கடிக்கிறவளோ? இஞ்ச பார், ரிபனுக்குச் சண்டைபிடிச்சுக் கடிச்சது." மணிக்கட்டில் பல்லுத் தடம் அரைவட்டமாக இருந்தது. "அவளுக்கு இப்ப எத்தினை வயது?"

"முப்பத்தெட்டு."

கிருசாந்தியின் சிரிப்பு அப்படியே நின்றது. "என்னைவிட மூண்டு வயது இளசு அவள்" என்றாள் மெல்ல. பிறகு நிலானியை உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

நிலானி கொட்டிலைச் சுற்றிச்சுற்றிப் பார்த்தாள். மினுங்குகிற சாமான் எதுவும் கண்ணில் படவில்லை. உள்ளே ஏதோ கிணுகிணுத்தது. பாத்திரம் எடுக்கிற சத்தம் அது. நிலானி அதைக் கவனிக்கவில்லை. மோதிரமா வாளா என்பதிலேயே அவள் புத்தி நின்றது.

கிருசாந்தி வெளியே வந்தாள். கையில் ஒரு டம்ளர், மேலே ஆவி.

"தேத்தண்ணி குடிக்கிறியா, பிள்ளை?"

"வேண்டாம் பெரியம்மா, இப்பதான் குடிச்சனான்."

எவ்வளவு அழகாக வந்தது அந்த வசனம்! ஒரு தட்டுத் தடங்கல் இல்லை. சொல்லிவிட்டு நிலானி புன்னகையும் செய்தாள். அடுத்ததரம் கேட்பாள், அப்போதும் வேண்டாம் என்று சொல்ல வேண்டும், பிறகு வாங்கலாம் என்று நல்ல பிள்ளையாகக் காத்திருந்தாள்.

கிருசாந்தி வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. இன்னொருதரம் திறந்தாள், கழுத்து நரம்பு புடைத்தது, ஒரு சொல்லும் வரவில்லை. வாசலில் நாரை முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது.

அப்போதுதான் நிலானிக்கு விளங்கியது. "ஐயோ! வேணும்! எனக்கு வேணும் பெரியம்மா!" என்று பாய்ந்து டம்ளரைப் பிடித்தாள். கைக்குள் வந்தது கறுத்த சேறு. அவளுக்கு வந்த ஆத்திரத்துக்குத் தன் நாக்கையே பிடுங்கி எறிந்திருப்பாள்.

கிருசாந்தி பாவாடையில் கையைத் துடைத்தாள். பிறகு கண்ணைத் துடைத்தாள். பிறகு, நம்புங்கள், சிரித்தாள்.

"அழாதை பிள்ளை. ரதி உன்னை நல்லாத்தான் வளர்த்திருக்கிறாள்."

அவள் ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

நிலானி விழித்தபோது இடுப்பளவு சேற்றுக்குள் நின்றாள். பழனிசாமி ஒரு கையையும் அம்மா மறு கையையும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். "அப்பவே சொன்னேனேம்மா, பாத்துக்கங்கன்னு" என்று அவர் மூச்சு வாங்கினார்.

வீட்டுப் பின்பக்கத்துக் குழாயடியில் அம்மா அவளை நிறுத்திக் கால் கழுவினாள். ஒரு கையால் கழுவினாள், மறு கையால் முதுகில் தட்டினாள், வாயால் ஏசினாள், எல்லாம் ஒன்றாக. நிலானி ஆங்கிலமும் தமிழும் குழைத்துச் சொல்லத் தொடங்கினாள். நாரையைச் சொன்னபோது, "விசர்க்கதை கதைக்காதை" என்றாள் அம்மா. ரிபன் சண்டையையும் மணிக்கட்டில் கிடந்த பல்லுத் தடத்தையும் சொன்னபோது அம்மாவின் கை நின்றது.

"என்னைக் கேட்டவளோ?"

"நகம் கடிக்கிறவளோ எண்டு கேட்டவ."

அம்மா தன் விரல்களைப் பார்த்தாள். நிலானி மிச்சத்தையும் சொன்னாள். ஒன்று தருவாள், ஒருதரம்தான் தருவாள், வாங்கினால் வீட்டுக்கு வருவாள்.

"என்ன தந்தவள்?"

"டீ."

"வாங்கினியோ?" அம்மா அவளுடைய இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள். "சொல்லடி, அக்கா தர நீ வாங்கினியோ?"

"வேண்டாம் பெரியம்மா, இப்பதான் குடிச்சனான்" என்று நிலானி தான் சொன்னதை அப்படியே சொன்னாள்.

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. கன்னத்தில் விழுந்த அடியில் நிலானி இரண்டடி தள்ளிப்போய் நின்றாள்.

"தந்தா வாங்கத் தெரியாதோடி உனக்கு?"

நிலானி கன்னத்தைப் பொத்திக்கொண்டு அம்மாவைப் பார்த்தபடி நின்றாள். அம்மா அந்த ஈரச் சீமெந்திலேயே குந்தி, "அக்கா, அக்கா" என்று பெரிய சத்தமாக அழுதாள். ஊர் கேட்கும் என்ற நினைப்பே அவளுக்கு இல்லை. பக்கத்து வீட்டு ஜன்னல் ஒன்று திறந்து மூடியது.

இப்போதெல்லாம் ஞாயிறு மத்தியானங்களில் அம்மாவே நிலானிக்குத் தலையணை எடுத்துப் போடுகிறாள். பின்கதவை அகலத் திறந்துவைத்துவிட்டுப் பிள்ளையின் கால்களைப் பார்த்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். கால்கள் அசைவதே இல்லை. நிலானி பொழுதுபடும்வரை நன்றாக நித்திரை கொள்கிறாள்.