ராகுகாலத்துப் பிளாஸ்மா

பிளாஸ்மாவுக்கும் ராகுகாலத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று தயாளினிக்குத் தெரியும். ஆனால் அவளுடைய தாய் குணலட்சுமியோடு வாதாடி வென்றவர் கொக்குவிலில் ஒருவரும் இல்லை. குணலட்சுமிக்குப் பஞ்சாங்கம் பார்க்கத் தேவையில்லை. கிழமையைச் சொன்னால் போதும், நேரம் வாயிலிருந்து வரும்.

"வெள்ளிக்கிழமை பத்தரைக்கும் பன்னிரண்டுக்கும் இடையிலை ஒரு நல்ல காரியமும் தொடங்கப்படாது பிள்ளை. கேட்டு மாத்து" என்றார். பௌதிகவியலில் முதுமாணிப் பட்டம் எடுத்தவள், வெட்கத்தை விட்டுப் போய்க் கேட்டாள்.

கேட்டது நஜீமிடம். இருவரும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஒரே துறையில் தற்காலிக உதவி விரிவுரையாளர்கள். அவனுடைய குடும்பம் இடம்பெயர்ந்திருந்த புத்தளத்திலிருந்து திரும்பி வந்து, ஐந்துசந்திப் பக்கம் பற்றை மண்டிக் கிடந்த தங்கள் வளவைத் துப்பரவாக்கி வீடு கட்டிக்கொண்டது. ஆள் அதிகம் கதைக்க மாட்டான்.

கடல் கடந்த ஓர் ஆய்வுகூடத்தில் சின்ன டோக்கமாக் ஒன்று இருந்தது. உழுந்துவடை மாதிரி நடுவில் ஓட்டை உள்ள உருக்குப் பாத்திரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சிவிட்டு, துளி ஐதரசனை விட்டு, மின்சாரத்தைப் பாய்ச்சினால் வாயு பிளாஸ்மாவாகி ஒளிரும். சூரியனின் அடுப்பைப் பூமியில் மூட்டப் பார்க்கிறவர்கள் கை பழகும் இயந்திரம் அது. எவ்வளவு வாயு, எவ்வளவு வோல்ற்றளவு என்று யாழ்ப்பாணத்திலிருந்து கணினியில் அடித்துக் கொடுத்தால், அங்கே உள்ளவர் இயக்குவார். அப்படி ஒருதரம் இயக்குவதற்கு ஷொட் என்று பெயர். இமை மூடித் திறக்க முதல் முடிந்துவிடும். பிளாஸ்மா எத்தனை மில்லிசெக்கன் நின்றது என்பதுதான் எல்லாம்.

அந்த ஆய்வுகூடம் ஒருவரை ஒரு வருடப் பயிற்சிக்கு அழைத்திருந்தது. யாரை அனுப்புவது என்று துறைத் தலைவர் சோமசேகரம் மண்டையைப் போட்டு உடைக்கவில்லை. ஆளுக்குப் பத்து ஷொட். எவருடைய பிளாஸ்மா கூட நேரம் நிற்கிறதோ அவர் போகலாம் என்றுவிட்டார். தயாளினி அந்த இயந்திரத்தை வருடக்கணக்காகத் திரையில் மட்டும் பார்த்தவள். ஒருநாளாவது அதற்குப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று கிடந்து தவித்தாள்.

சீட்டுக் குலுக்கியதில் வெள்ளிக்கிழமை பத்தரை மணி முறை அவளுக்கும், அதற்கு அடுத்தது நஜீமுக்கும் விழுந்திருந்தது. மாற்றித் தரச் சொல்லிக் கேட்டபோது நஜீம் சிரிக்கவில்லை. தனக்கும் அதுதான் வசதி, முடித்துவிட்டு நிம்மதியாக ஜும்ஆத் தொழுகைக்குப் போகலாம் என்றான்.

வெள்ளிக்கிழமை அவனுடைய முதல் ஷொட் பற்றவேயில்லை. அடுத்தது மினுங்கிவிட்டு அணைந்தது. வோல்ற்றளவைக் கூட்டினான், வாயுவைக் குறைத்தான். ஒவ்வொன்றும் முந்தினதைவிடக் கொஞ்சம் மேல். பத்தாவது பதினொரு மில்லிசெக்கன் நின்றது. தொப்பியை எடுத்துக்கொண்டு, "இனி உம்முடைய கையிலை" என்று சொல்லிவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போனான்.

தயாளினியின் முதல் ஷொட்டே பன்னிரண்டு மில்லிசெக்கன். ஒன்பதாவது பதினான்கு. இடையில் தாய்க்கு அழைத்துச் சொன்னதுதான் தாமதம், "பாத்தியே, நான் சொன்னனானெல்லே" என்று அங்கே ஒரே புளுகமும் பெருமையும். தயாளினிக்கும் சந்தோசம் பிடிபடவில்லை.

மிச்சம் ஒரு ஷொட். அதற்கு என்ன கொடுக்கலாம் என்று பார்ப்பதற்காக, காலையிலிருந்து வந்த வரைபுகள் எல்லாவற்றையும் ஒன்றின்கீழ் ஒன்றாகப் போட்டாள். அப்போதுதான் ஒட்சிசனின் ஒளியைக் காட்டும் கோடு கண்ணில் பட்டது. நஜீமின் முதல் ஷொட்டில் அது உச்சியில் நின்றது. பிறகு ஷொட்டுக்கு ஷொட் இறங்கி இறங்கி, அவளுடைய முறை தொடங்கும்போது தரையோடு படுத்துவிட்டது.

அந்த வாரம் ஏதோ திருத்தத்துக்காக இயந்திரத்தைத் திறந்து மூடியிருந்தார்கள். உள்ளே போன ஈரக்காற்று சுவரில் ஒட்டிக்கொண்டு, பிளாஸ்மா எழும்பும்போதெல்லாம் கிளம்பி வந்து அதைக் குளிரப்பண்ணியிருக்கிறது. அந்த அழுக்கை நஜீமின் பத்து ஷொட்டுந்தான் கழுவி எடுத்திருந்தன. அம்மாவின் தோசைக்கல்லும் இப்படித்தான். முதல் தோசை ஒட்டிப் பிய்ந்து காகத்துக்குப் போகும்; கல் பழகின பிறகு வருவதுதான் சாப்பாட்டுக் கோப்பைக்கு வரும். கல்லைப் பழக்கினது அவன், தோசை தன்னுடைய கோப்பையில் என்று அவளுக்கு விளங்கியது.

யாரும் கேட்கப் போவதில்லை. விதி விதிதான். அவன் ஏன் மாற்றித் தந்தான், மாட்டன் என்று சொல்லியிருக்கலாமே என்று நஜீமிலேயே கோபம் வந்தது. நியாயமில்லாத கோபம் என்று தெரிந்தும் வந்தது. அவனுடைய பத்தாவது ஷொட்டின் வாயு, வோல்ற்றளவு இலக்கங்களை அடித்தாள். அழித்தாள். மறுபடி அடித்து, அனுப்பிவிட்டாள்.

பத்தொன்பது மில்லிசெக்கன்.

ஆய்வுகூடத்திலிருந்து அவளுடைய பெயருக்கு வாழ்த்து வந்தது. சோமசேகரம் எட்டிப் பார்த்துவிட்டு, இன்றைக்கு இதுதான் திறம், பயணத்துக்கு உடுப்பு அடுக்கலாம் என்றார். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் காரியம் அவ்வளவில் முடிந்திருக்கும்.

"சேர், உது நஜீமின்ரை இலக்கங்கள். சுவர் துப்பரவான பிறகு நான் திருப்பிப் போட்டுப் பாத்தனான். அவர்தான் போகவேணும்."

சோமசேகரம் வரைபுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"என்ன சொல்லுறீர் எண்டு உமக்கு விளங்குதுதானே?"

"விளங்குது சேர்."

நஜீம் திரும்பி வந்து விசயத்தைக் கேட்டதும், பத்தொன்பதைக் காட்டிய வரைபைத் தன்னுடைய பத்தாவதோடு வைத்துப் பார்த்தான். நேரத்தை மாற்றித் தந்ததற்காக அவள் இதைச் செய்யத் தேவையில்லை என்றான்.

"அதுக்காக இல்லை" என்றாள் தயாளினி. "பிளாஸ்மா உம்முடையது."

பின்னேரம் கொக்குவில் கடவையில் ரயிலுக்காகப் படலை போட்டிருந்தார்கள். ஸ்கூட்டியை நிற்பாட்டிவிட்டு, ஹெல்மெற்றுக்குள்ளே நன்றாக அழுதாள். ரயில் போய்ப் படலை திறந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

யார் போவது என்று குணலட்சுமி வாசலிலேயே கேட்டார். நஜீம் என்றாள்.

"அவன் ராகுகாலத்திலையெல்லோ செய்தவன்?"

"ஓம் அம்மா. எனக்கு விழுந்த நேரத்திலை. நீங்கள் வேண்டாம் எண்ட நேரத்திலை."

பிறகு நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னாள். கல், தோசை என்று சொன்னபோது குணலட்சுமி தலையாட்டினார். அது அவருக்குத் தெரிந்த விசயம். குசினிக்குள் போய் உழுந்தை அளந்து ஊறப் போட்டார். வழக்கத்தைவிடக் கூடப் போட்டார்.

"ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளையைச் சாப்பிட வரச்சொல்லு. தோசை சுடுறன்."

"சொல்லுறன் அம்மா. முதல் தோசையை எனக்குப் போடுங்கோ."

"அது ஒட்டிப் பிய்யுமடி. காகத்துக்கெல்லோ போடுறது."

"பரவாயில்லை" என்றாள் தயாளினி. "இந்தமுறை எனக்குப் போடுங்கோ."