நாற்காலி போட்ட பாதை

கடைசி வரிசையை இழுத்துப் போட்டுவிட்டு, வாளித் தண்ணீரில் துணியை முக்கி ஒவ்வொரு நாற்காலியாகத் துடைத்துக்கொண்டு வந்தேன். தூசுக்காக இல்லை, சூட்டுக்காக. எங்கள் ஊரில் ஜனவரிதான் நடுக்கோடை, வெயில் மாலை ஆறு மணிக்கும் இறங்க மனசில்லாமல் நிற்கும். வெள்ளை பிளாஸ்டிக்கில் கை வைத்தால் சுரீர் என்கிறது. நான் ஒன்றைத் துடைத்து அடுத்ததற்குப் போவதற்குள் முதலாவது காய்ந்துவிடும். நாற்காலிகளின் முதுகில் நீல எழுத்தில் மேயரின் பெயர் ஒட்டியிருந்தது. நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கற்றுக்கொண்டவனுக்கு ஒரு தொல்லை உண்டு. கண்ணில் பட்டதை வாசிக்காமல் விட முடியாது. அந்த மனுஷன் பெயரை அவர் பெண்டாட்டிகூட இத்தனை தடவை சொல்லியிருக்க மாட்டாள்.

ஞாயிறு வாசிப்புக்குப் பேண்டுக்காரர்கள் வந்து, பூங்கா நடுவிலிருந்த மேடையில் ஏறினார்கள். மே மாதக் குளிரில் நடக்கும் சுதந்திர அணிவகுப்புக்குத் தைத்த கெட்டித் துணிக் கோட்டு, கழுத்துவரை பித்தளைப் பொத்தான். பேண்டு மாஸ்டர் குமெர்சிந்தோ வாரநாளில் சந்தையில் பன்றி இறைச்சி வெட்டுகிறவர். கத்தி பிடிக்கிற அதே பிடியில்தான் அந்தச் சின்னக் குச்சியையும் பிடிப்பார். மேடையைச் சுற்றி வட்ட வட்டமாக நாற்காலி. நாற்காலியில் யாரும் இல்லை. மயிற்கொன்றைப் பூ மட்டும் அங்கங்கே விழுந்து உட்கார்ந்திருந்தது. அவர் காலி இடத்தைப் பார்த்து ஒருமுறை தலை குனிந்துவிட்டு, திரும்பி வாசிப்பைத் தொடங்கினார்.

ஜனம் இல்லாமல் இல்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம், பூங்காவைச் சுற்றி நான்கு தெருவிலும், அவரவர் வாசலில் அவரவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். பனிக்கட்டி போட்ட தெரெரே என்கிற இலைச்சாறு கொம்புக் குவளையில் கைமாறிக்கொண்டிருந்தது. பாட்டு காதில் விழும் தூரம்தான். வால்ஸ் மெட்டு வந்தால் சிலர் கால் ஆடுவதுகூட எனக்குத் தெரியும். ஆனால் ரோட்டைத் தாண்டி ஒருத்தரும் வரவில்லை.

கலாசாரப் பிரிவுக்குப் புதிதாக வந்திருந்த நொயெலியா மேடம், போனை உயர்த்திப் பிடித்து நாற்காலி தெரியாதபடி படம் எடுக்க முயன்றாள். தலைநகரத்தில் படித்த பெண். கெட்டவள் இல்லை. எனக்கும் தண்ணீர் வாங்கித் தருவாள். மேயர் கேட்டது பேண்டுக்காரர்கள் படத்தை இல்லை, கூட்டத்தின் படத்தை. அவள் எங்கே நின்று எடுத்தாலும் ஒரு மூலையில் வெள்ளை முதுகுகள் வந்துவிட்டன.

ஏன் கூட்டம் வரவில்லை என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். திங்கட்கிழமை நகராட்சிக் கொட்டகையில் மண்வெட்டியை எடுக்கும் முன்னால் நாங்கள் தெரெரே குடிக்கும்போது இதுதான் பேச்சு. வெயில் என்றான் ஒருவன். கொசு என்றான் இன்னொருவன். ஆற்றங்கரையில் பையன்கள் காரின் பின்கதவைத் திறந்துவைத்து ஊரே அதிரப் பாட்டுப் போடுகிறார்கள், அங்கே குளிக்கவும் செய்யலாம், இங்கே என்ன இருக்கிறது என்றான் டிராக்டர் ஓட்டுகிறவன். மேயர் பெயர் போட்ட நாற்காலியில் எதிர்க்கட்சிக்காரன் எவன் முதுகை வைப்பான் என்று ஒருத்தர் கேட்டார். மேயருடைய கட்சிக்காரனும்தானே வைக்கவில்லை என்று மற்றவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். சீப்பா ரொட்டி விற்கிற பாப்லினா அக்காவுக்கு மட்டும் சந்தேகமே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பேண்டு என்று இருந்ததை நோட்டீஸில் ‘கோடைக் கச்சேரி’ என்று போட்டுவிட்டார்களாம். “கச்சேரின்னா நல்ல செருப்பு வேணும்னு நெனச்சுக்கிட்டாங்க” என்றாள். அவள் கூடையும் அப்படியே திரும்பிப் போகிறதே என்ற கோபம் அவளுக்கு.

எனக்கு அந்த பேண்டு வேறு காரியத்துக்கு வேண்டியிருந்தது.

என் மனைவி எமெரென்சியானா, நான் கூப்பிடுவது எமே, பக்கத்து நாட்டில் புவெனோஸ் ஐரிஸில் இருக்கிறாள். ஒரு வயசான அம்மாளைப் பார்த்துக்கொள்கிற வேலை. ஒரு வருஷம் என்று போனாள். கூரை போட்டதும் வருகிறேன் என்றாள். கூரை போட்டு அது துருவும் பிடித்துவிட்டது. எங்கள் தெருவில் பாதி வீட்டுப் பெண்கள் அங்கேதான் யாருக்காவது மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். முதலில் தினமும் பேசினோம். பிறகு பேச்சு தீர்ந்துபோனது. சண்டை ஒன்றும் இல்லை. கோழி எப்படி இருக்கிறது, மழை பெய்ததா, கால் வலி தேவலையா, அவ்வளவுதான். அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். அவள் எதையோ சொல்ல வாயெடுத்து விட்டுவிடுவாள். நானும் அப்படித்தான். வைக்கட்டுமா என்பாள். சரி என்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பூங்காவில் வேலையாக இருக்கும்போது கூப்பிட்டாள். பின்னால் பேண்டு ஓடிக்கொண்டிருந்தது. பேசாதே, அதைக் கேட்கவிடு என்றாள். மேடைப் பக்கம் போனை நீட்டிக்கொண்டு கை கடுக்க நின்றேன். அன்றைக்கு அவள் வைக்கட்டுமா என்று கேட்கவே இல்லை. அதிலிருந்து ஞாயிறு எங்களுக்கு அதுதான். அவள் அந்த அம்மாளுக்கு சூப் கொடுத்துப் படுக்க வைத்துவிட்டு அடுக்களையில் உட்கார்ந்து கேட்பாள். கூட்டம் எப்படி என்று ஒருநாள் கேட்டாள். நாலு தெருவும் நிறைந்திருக்கிறது என்றேன். பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் பாட்டு முடிந்ததும் கைதட்டல் கேட்க வேண்டுமே. போனை நாற்காலியில் வைத்துவிட்டு, முன்னால் நின்று தட்டினேன். இரண்டு அடி தள்ளிப் போய் வேறு மாதிரி தட்டினேன். பின்வரிசைக்கு ஓடி ஒரு சீழ்க்கை அடித்தேன். மேடையிலிருந்து குமெர்சிந்தோ என்னையே பார்த்தார். அடுத்த வாரத்திலிருந்து நான் தட்டி முடித்துப் போனை எடுக்கும் வரை அடுத்த பாட்டைத் தொடங்காமல் காத்திருந்தார்.

அந்த மாதக் கடைசியில் இரண்டு செய்தி சேர்ந்து வந்தது. அந்த அம்மாளின் மகன் எமேயை நிரந்தரமாகத் தங்கள் வீட்டோடு வைத்துக்கொள்ளக் கேட்டிருக்கிறான். அந்த நாட்டிலேயே தங்குவதற்கான காகிதம் எல்லாம் அவனே எடுத்துக் கொடுப்பானாம். ஒப்புக்கொண்டால் இனி வருஷத்துக்கு ஒருதரம் வரலாம், அதுவும் பார்த்துத்தான். ஞாயிற்றுக்கிழமை முடிவு சொல்கிறேன் என்றாள். மறுநாள் நொயெலியா மேடம் கொட்டகைக்கே வந்தாள். வரும் ஞாயிறும் நாற்காலி காலியாக இருந்தால் பேண்டை நிறுத்திவிட்டு, ஒலிபெருக்கியை ஆற்றங்கரைக்கே கொண்டுபோகப் போகிறாராம் மேயர். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“அண்ணே, நீங்க வேலச் சட்டையக் கழட்டிட்டு முன் வரிசையில உக்காருங்களேன். ஒருத்தர் உக்காந்தா நாலு பேர் வருவாங்க.”

ஊரில் எவனும் முதல் ஆளாக உட்கார மாட்டான் என்பது எனக்குத் தெரியும். அவள் முகத்தைப் பார்த்துச் சரி என்றுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். நாற்காலி போடுவதும் நான், துடைப்பதும் நான், முன் வரிசையில் நடுவில் உட்கார்ந்ததும் நான். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது அது எவ்வளவு கஷ்டமான வேலை என்று. பன்னிரண்டு வாத்தியமும் ஒரு ஆளைப் பார்த்து ஊதினால் அந்த ஆள் கையை எங்கே வைப்பான், முகத்தை எப்படி வைப்பான்? பெரிய குழல் ஊதுகிறவனுக்கு வியர்வை கண்ணில் இறங்க, அவன் கண் சிமிட்டுவது எனக்கு ஏதோ சொல்வதுபோல் இருந்தது. எதிர் வாசல்களில் பேச்சு நின்றுவிட்டது. எல்லோரும் என்னைத்தான் பார்க்கிறார்கள் என்று முதுகு சொன்னது. நாலு பேர் வரவில்லை. ஒருத்தர்கூட வரவில்லை. நொயெலியா மேடம் படம் எடுப்பதை விட்டுவிட்டு, மரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

வால்ஸ் முடிகிற நேரத்தில் போன் அடித்தது. எடுத்து மேடைப் பக்கம் நீட்டினேன். முடிந்ததும் நாற்காலியில் வைத்துவிட்டுத் தட்டினேன், தள்ளிப் போய்த் தட்டினேன். பின்வரிசைக்கு ஓடக் கால் எடுக்கும்போது போனுக்குள் அவள் குரல் கேட்டது. குனிந்து எடுத்தேன்.

“போதும்யா, ஓடாத. யாருமே வரலைல்ல?”

“கொஞ்சம் கம்மி.”

“உன் கைச் சத்தம் எனக்குத் தெரியாதா? சிமெண்டு கலந்து கலந்து பலகையாப் போன கை. அது ஒண்ணுதான் அங்கயும் இங்கயும் ஓடுது. முதல் நாளே தெரியும்.”

“அப்பவே சொல்றதுக்கென்ன?”

“எனக்காக ஒருத்தன் ஓடுறதக் கேக்க நல்லாருந்துச்சு.”

மேடையில் குமெர்சிந்தோ காத்துக்கொண்டிருந்தார். ஜனமெல்லாம் எங்கே என்று கேட்டாள் எமே. வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள், நாற்காலி போட்டும் வர மாட்டேன் என்கிறார்கள் என்றேன். நாற்காலியா, அதை எங்கே போட்டிருக்கிறார்கள் என்றாள். மேடையைச் சுற்றி, கல் பதித்த வட்டத்தில் என்றேன்.

“அப்ப எங்கய்யா நடப்பாங்க?”

அந்தக் கல்லைப் பதித்தவர்களில் நானும் ஒருவன். ஞாயிற்றுக்கிழமை பேண்டுக்கு எங்கள் ஊரில் யார் உட்கார்ந்தார்கள்? பேண்டு ஊத ஊத மேடையைச் சுற்றி நடப்பதுதானே வழக்கம். ஆண்கள் ஒரு பக்கமாக, பெண்கள் எதிர்ப்பக்கமாக. ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை எதிர்ப்படலாம், ஒன்று மருந்துக்கடை மூலையில், ஒன்று மாதா கோவில் பக்கம். எதிர்ப்படும்போது பார்ப்பதா வேண்டாமா என்று அடுத்த அரைச் சுற்று முழுக்க யோசிக்கலாம். மரியாதை செய்கிறோம் என்று அந்த வழியில் வாரா வாரம் நாற்காலி போட்டு அடைத்ததும் நான்தான். ஆனால் அது மட்டும்தான் காரணம் என்று என்னால் சொல்ல முடியாது. எதிரே வர வேண்டிய பாதிப் பேர் ஊரிலேயே இல்லையே.

“எமே, முடிவு சொல்றேன்னியே?”

“சொல்றேன். மொதல்ல ஒரு சுத்து நட.”

நான் நாற்காலிகளை உள்பக்கமாகத் தள்ளினேன். ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு அவை போட்ட சத்தத்தில் வாசல்களில் தலைகள் எழும்பின. நொயெலியா மேடம் ஓடிவந்தாள். என்ன அண்ணே என்று கேட்கத்தான் வந்தாள் என்று நினைக்கிறேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து அவளும் இழுக்கத் தொடங்கினாள். ஒரு ஆள் நடக்கிற அளவுக்கு வழி ஆயிற்று. குமெர்சிந்தோ அடுத்ததாக வைத்திருந்த அணிவகுப்புப் பாட்டின் காகிதத்தை மூடிவிட்டு, முடிந்துபோன வால்ஸை மறுபடி முதலிலிருந்து எடுத்தார்.

போனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நடந்தேன். வெற்று வட்டத்தில் கல்யாணச் சட்டையோடு தனியாக நடக்கிறவனைப் பார்த்தால் யாருக்குத்தான் வாய் சும்மா இருக்கும்? ஐஸ் கடை வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. “ஏவரிஸ்தோ, ஜோடி எங்கப்பா?” இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். நான் நிற்காமல் போனைத் தூக்கிக் காட்டினேன். சிரிப்பு நின்றது. அந்த வாசலில் ஒரு பெண்பிள்ளை கையிலிருந்த கொம்பைக் கீழே வைத்தாள். அவள் மகளும் புவெனோஸ் ஐரிஸில்தான் இருக்கிறாள்.

“எந்தப் பக்கமா நடக்கிற?” என்றாள் எமே.

“ஆம்பளைங்க பக்கமா.”

“அப்ப நான் இந்தப் பக்கமா வரேன். இங்க சாப்பாட்டு மேசை ஒண்ணு இருக்கு, வட்டமா. போனைப் பிரிட்ஜ் மேல வைக்கிறேன். கையில புடிச்சிக்கிட்டா நடக்க வராது.”

போனை வைக்கிற சத்தம். அப்புறம் செருப்புச் சத்தம், தரையில் தேய்த்துத் தேய்த்து. அந்த நடையை நான் எத்தனை வருஷமாகக் கேட்கவில்லை. உள்ளேயிருந்து அந்த அம்மாள் யாரது என்று கேட்டாள். ஒன்றுமில்லை, தூங்குங்கள் என்றாள் எமே. நான் மருந்துக்கடை மூலைக்கு வந்தபோது சத்தம் நெருங்கியது. எதிரே வருகிறவளுக்கு விடுவதுபோல் ஓரமாக ஒதுங்கி வழி விட்டேன். கல்லின் மேல் நாற்காலிகளின் நிழல் நீளமாகக் கிடந்தது. செருப்புச் சத்தம் பக்கத்தில் வந்து, தாண்டி, மெல்ல மெல்லக் குறைந்து, கேட்காமல் போயிற்று.

இனி கோவில் பக்கம் ஒருமுறை எதிர்ப்பட்டால் சுற்று முடியும், அவள் முடிவைச் சொல்வாள். வெயில் கோபுரத்துக்குப் பின்னால் போயிருந்தது. பேண்டு ஊதிக்கொண்டிருந்தது. போனைக் காதில் அழுத்திக்கொண்டேன். இன்னும் சத்தம் வரவில்லை. அவளுக்குத் தூரம் அதிகமாக இருக்கும் என்று நடையைக் கொஞ்சம் மெதுவாக்கினேன்.